தெருவை அளந்து தெருவுக்கே காட்டுவது: மாறும் சென்னையைக் கண்காட்சியாக்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக நானும் சில நண்பர்களும் சென்னையில் ஒவ்வொரு தெருவாக எடுத்துக்கொண்டு, அளந்து, வரைந்து, அங்கே வாழ்கிறவர்களிடம் பேசி, கடைசியில் அந்தத் தெருவிலேயே கண்காட்சியாக வைத்து வருகிறோம். மயிலாப்பூரில் வைத்தாலும் பெரம்பூரில் வைத்தாலும் சந்தேகங்கள் ஒன்றுதான். கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் கேட்பார்கள், வீட்டுக்காரர்கள் கேட்பார்கள், டீ குடித்துக்கொண்டே எட்டிப் பார்ப்பவர்கள் கேட்பார்கள். அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சேர்த்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுத்தான் போகும்.

1. "கட்டடக்கலை கண்காட்சின்னா டைல்ஸ், மாடுலர் கிச்சன், ஃப்ளாட் புக்கிங் எல்லாம் வைப்பாங்களே, அதுவா?"

இல்லை. அது விற்பனைக்காக வைப்பது. நான் சொல்வது, ஓர் ஊரோ தெருவோ எப்படிக் கட்டப்பட்டது, எப்படி மாறியது, யாருக்காக மாறியது என்பதை வரைபடம், மாதிரி, புகைப்படம், மக்கள் பேச்சு இவற்றால் காட்டுவது. 2016இல் மும்பையின் தேசிய நவீனக் கலைக்கூடத்தில் இந்தியக் கட்டடக்கலையின் நிலை என்ன என்று கேட்டு ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. அது நாட்டளவு. நாங்கள் செய்வது தெருவளவு.

சென்னைக்காரர்களுக்கு இது புதிதும் இல்லை. தைப் பொங்கலை ஒட்டித் தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போகாத குடும்பம் குறைவு. அங்கே ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளத்துக்கும் நடுவில் அரசுத் துறைகளின் அரங்குகள் இருக்கும். அணைக்கும் பாலத்துக்கும் மாதிரி செய்து வைத்திருப்பார்கள். சின்ன வயதில் நான் முதன்முதலாக ஓர் ஊரை மேலிருந்து பார்த்தது அப்படி ஒரு மாதிரியில்தான். அதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு அண்ணா நகர். 1968இல் அங்கே உலக வர்த்தகப் பொருட்காட்சி நடந்தது. இன்று எல்லோரும் ஏறிப் பார்க்கும் அண்ணா நகர் டவர் அந்தப் பொருட்காட்சிக்காகக் கட்டியது.

2. "ஆராய்ச்சின்னா பிஎச்டி பண்றவங்க வேலை. நாங்க சாதாரண ஆளுங்க, எங்களால முடியுமா?"

முடியும். நகர ஆய்வில் பாதி நடப்பது, மீதி எண்ணுவது. ஒரு தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, ஒவ்வொரு கட்டடத்தின் தரைத்தளத்திலும் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்: திண்ணை, கடை ஷட்டர், கார் நிறுத்தும் இடம், மூடிய கேட். அதே தெருவில் வயதான ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு, நாற்பது ஆண்டுகளுக்கு முன் என்ன இருந்தது என்று கேட்டு இன்னொரு பட்டியல் எழுதுங்கள். இரண்டையும் அருகருகே வையுங்கள். ஆய்வு தொடங்கிவிட்டது.

அளப்பது இந்த ஊரின் பழைய தொழில். கிண்டி பொறியியல் கல்லூரியே 1794இல் ஒரு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியதுதான். 1802இல் இந்தியா முழுவதையும் அளக்கப்போகும் பெரிய முக்கோண அளவைக்கு முதலில் அளந்து வைக்கும் அடிப்படைக் கோடு போட்டதும் இங்கேதான். பரங்கிமலையில் ஒரு முனை, பெரும்பாக்கம் குன்றில் மறுமுனை. இந்தப் பெரும்பாக்கத்தை நினைவில் வையுங்கள், பத்தாவது கேள்வியில் மறுபடி வரும்.

3. "நம்ம ஊர்ல அப்படி என்ன இருக்கு? மதுரை, தஞ்சாவூர்னா சரி."

மதுரையிலும் தஞ்சாவூரிலும் நிலைத்து நிற்பதைப் பார்க்கப் போகிறோம். சென்னையில் பார்க்க வேண்டியது மாற்றத்தை. 1639இல் கடற்கரையில் ஒரு துண்டு நிலம் கும்பினிக்கு, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்ததிலிருந்து இந்த ஊர் ஏரிகளையும் கிராமங்களையும் உள்ளே இழுத்துக்கொண்டே வளர்கிறது. 2011இல் மட்டும் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426ஆக விரிந்தது. ஒரு நாள் இரவு ஊராட்சியில் படுத்தவர்கள் காலையில் மாநகராட்சியில் எழுந்தார்கள்.

தி.நகரை எடுத்துக்கொள்ளுங்கள். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை ஒரு நீண்ட ஏரி கிடந்தது. 1920களில் அந்த ஏரியை வடித்து மனை பிரித்துத்தான் தியாகராய நகரைப் போட்டார்கள். மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு இருக்கிறது, அங்கே நின்று பார்த்தால் ஏரி தெரியாது. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது, கரை இல்லை. எழும்பூரில் ஸ்பர்டேங்க் ரோடு. 1976இல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்பதும் பழைய நுங்கம்பாக்கம் ஏரிப் பகுதியில்தான். தெருப்பெயர்ப் பலகைகளை வரிசையாகப் படம் எடுத்து, அடியில் பழைய ஏரியின் எல்லையை ஒரு நீலக்கோடாக வரைந்து ஒரு முறை வைத்தோம். ரங்கநாதன் தெருவில் முப்பது ஆண்டாகக் கடை வைத்திருப்பவர் அதைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் நின்றார். அப்புறம், "அதான் மழைன்னா கடைக்குள்ள வருதா" என்றார்.

4. "பழைய போட்டோ ஒண்ணு, புது போட்டோ ஒண்ணு, பக்கத்துல பக்கத்துல வெச்சா போதாதா?"

பார்க்க நன்றாக இருக்கும், போதாது. இரண்டு படங்களுக்கு நடுவில் நடந்ததுதான் கதை, அது அந்த இரண்டு படங்களிலும் இருக்காது.

மூர் மார்க்கெட்டைப் பாருங்கள். சென்ட்ரல் பக்கத்தில் செங்கல் சிவப்பில் நின்ற சந்தை 1985 மே மாதம் எரிந்தது. அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையம். அன்று, இன்று என்று இரண்டு படம் வைத்தால் "ஐயோ, எவ்வளவு அழகாக இருந்தது" என்ற பெருமூச்சு மட்டும் வரும். பழைய புத்தகக்காரர்கள் எங்கே போனார்கள்? பலருக்கு அருகிலேயே அல்லிக்குளம் வளாகத்தில் கடை கிடைத்தது. அந்தப் பெயரிலும் ஒரு குளம் இருக்கிறது பாருங்கள். மார்க்கெட்டில் ஒரு கடையின் அகலம் என்ன, புதிய வளாகத்தில் என்ன? வாசகர்கள் அங்கே தேடிப் போனார்களா? இதையெல்லாம் கேட்டு வரைந்தால்தான் மாற்றம் புரியும். மூர் மார்க்கெட்டின் ஒரு சின்ன மாதிரி அந்த நிலைய வளாகத்திலேயே நிற்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானோர் அதைக் கடந்து ரயில் பிடிக்க ஓடுகிறார்கள். நேரம் இருக்கும் ஒரு நாளில் அதன் முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

5. "அக்கா, பழைய வீட்டை அளக்கணும்னா எங்கேருந்து ஆரம்பிக்கறது?"

வாசலிலிருந்து. முதலில் கையால் ஒரு பிளான் கிறுக்குங்கள், அளவு எதுவும் வேண்டாம். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், சமையலறை, கிணற்றடி என்று நடந்து முடித்தபின் டேப்பை எடுங்கள். ஒவ்வொரு அறையிலும் நான்கு சுவரை அளந்தால் மட்டும் போதாது, மூலைக்கு மூலை குறுக்கேயும் அளக்க வேண்டும். பழைய வீடுகளில் எந்த அறையும் சரியான சதுரம் இல்லை. குறுக்களவு இல்லையென்றால் கணினியில் வரையும்போது சுவர்கள் ஒன்றோடொன்று சேராது. உயரத்துக்கு மேஸ்திரிகள் பிடிக்கும் தண்ணீர் டியூப் போதும். லேசர் மீட்டர் இருந்தால் வேகம், இல்லையென்றால் குறையில்லை.

கூரையை விடாதீர்கள். சென்னை வீடுகளின் பெருமையே மெட்ராஸ் டெரஸ் தான். தேக்கு உத்திரங்களுக்கு மேல் மெல்லிய செங்கற்களைப் படுக்கப் போடாமல் விளிம்பில் நிறுத்தி, குறுக்காகச் சாய்த்து, சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிக்கொண்டே போவார்கள். அடியில் சாரம் கட்டாமலே ஒரு செங்கல் வரிசை அடுத்த வரிசையைப் பிடித்துக்கொள்ளும். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டுவார்கள். கடைசியாக மேலே தட்டையான ஓடு. அந்தக் கூரைக்குக் கீழே மே மாதம் மதியம் உட்கார்ந்து பாருங்கள், பக்கத்து ஃப்ளாட்டில் ஏசி ஓடுவது ஏன் என்று தெரிந்துவிடும். இதை ஒரு செக்‌ஷனாக, அதாவது வீட்டைக் கத்தியால் நெடுக வெட்டியது போல, பெரிதாக வரைந்து வைத்தால் கொத்தனார்கள் நின்று படிப்பார்கள். எங்கள் காட்சிகளில் அதிக நேரம் கூட்டம் நிற்பது அந்தப் பலகை முன்னால்தான்.

6. "வீட்டுக்குள்ள விடுவாங்களா? என்னைப் பார்த்தா ப்ரொமோட்டர் ஆளுன்னு நினைக்க மாட்டாங்களா?"

நினைப்பார்கள். டேப்போடு வாசலில் நிற்கிறவர் என்றால் இங்கே இரண்டே அர்த்தம்: வரி போட வந்தவர், அல்லது வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டித் தருகிறேன் என்று பேச வந்தவர். அதனால் முதல் நாள் டேப் வேண்டாம். தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஒருவரோடு போங்கள்; பால் போடுகிறவர், இஸ்திரி வண்டிக்காரர், கோயில் குருக்கள் யாராக இருந்தாலும் சரி. உட்காரச் சொன்னால் உட்காருங்கள், காபி கொடுத்தால் குடியுங்கள். வீட்டைப் பற்றிக் கேட்காமல், "நீங்க கல்யாணமாகி இங்க வந்தப்போ எப்படி இருந்துது?" என்று கேளுங்கள்.

மயிலாப்பூரில் ஒரு மாமி மூன்று முறை திருப்பி அனுப்பினார். நான்காம் முறை நாங்கள் வரைந்திருந்த எதிர்வீட்டுப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தவர், "அவா ஆத்துல கிணறு இந்தப் பக்கம்னா இருக்கு, தப்பா போட்டிருக்கேளே" என்றார். தப்பைத் திருத்தியே ஆகவேண்டும் என்று எங்களை உள்ளே கூப்பிட்டு, தன் வீட்டுக் கிணற்றைக் காட்டினார். வரைந்ததை முடித்ததும் ஒரு பிரதியை வீட்டுக்காரருக்குச் சட்டம் போட்டுக் கொடுத்துவிடுங்கள். அதில் தவறவே கூடாது.

7. "பழைய மேப் எல்லாம் எங்க கிடைக்கும்?"

எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், அதே பகுதியில் 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் 2008ஆம் ஆண்டு இரண்டாம் முழுமைத் திட்டம் 2026 வரைக்குமானது. அதன் நிலப் பயன்பாட்டு வரைபடங்கள் அவசியம் பார்க்க வேண்டியவை. ஒரு மனைக்கு வட்டாட்சியர் அலுவலகத்தின் டவுன் சர்வே பதிவேடு உண்டு.

ஆனால் எனக்குப் பிடித்த ஆவணம் வீட்டு பீரோவில் இருக்கிறது. பழைய கிரயப் பத்திரத்தில் செக்குபந்தி என்று ஒரு பகுதி வரும், சொத்தின் நான்கு எல்லை. "வடக்கே இன்னார் மனை, கிழக்கே வண்டிப்பாதை, தெற்கே ஏரி வாய்க்கால்." அரசு வரைபடத்தில் காணாமல் போன வாய்க்கால் ஐம்பது ஆண்டுப் பத்திரத்தில் எழுத்தாக இருக்கும். ஒரு தெருவில் பத்துப் பத்திரங்களின் செக்குபந்தியைச் சேர்த்துப் பார்த்தால் அந்த வாய்க்கால் எங்கே வளைந்தது என்பதுவரை வரைந்துவிடலாம். அப்புறம் கல்யாண ஆல்பம். மணமக்களுக்குப் பின்னால் தெரிகிற பந்தல், திண்ணைத் தூண், எதிர்வீட்டுச் சுவர் எல்லாமே சான்று.

8. "மாடல் எந்த அளவுல செய்யணும்?"

தெருவுக்கு 1:100 வசதி. 200 மீட்டர்த் தெரு இரண்டு மீட்டர் மேசையில் அடங்கிவிடும், ஒரு மாடி மூன்று சென்டிமீட்டர் உயரம் வரும். ஒரு வீட்டை மட்டும் காட்ட 1:50 அல்லது 1:20. ஒரு ஏரியையும் அதன் வரத்துக் கால்வாய்களையும் காட்ட 1:5000 வேண்டியிருக்கும், அதில் வீடு தெரியாது, தெரியவும் வேண்டாம். மவுண்ட் போர்டும் ஃபோம் போர்டும் போதும், காகிதத்துக்குப் பாரிமுனை ஆண்டர்சன் தெரு. கூரைகளைக் கழற்றி எடுக்கிற மாதிரி செய்யுங்கள். குழந்தைகள் கழற்றத்தான் செய்வார்கள், கழற்றட்டும்.

9. "தண்ணியைப் பத்திதான் காட்டணும்னு ஆசை. ஆனா தண்ணியை எப்படி வரையறது?"

இந்த ஊரைக் காட்ட விரும்புகிற யாரும் கடைசியில் இந்தக் கேள்விக்குத்தான் வந்து சேர்கிறார்கள். வரைபடத்தில் ஆற்றை ஒரு நீலக்கோடாகப் போட்டவுடனே ஒரு தப்பு நடந்துவிடுகிறது: இந்தக் கோட்டுக்குள் தண்ணீர், வெளியே நிலம் என்று. நில வடிவமைப்பு ஆய்வாளர்கள் அனுராதா மாத்தூரும் திலீப் டகுனாவும் 2009இல் மும்பையில் வைத்த கண்காட்சி இதைத்தான் கேள்வி கேட்டது. மும்பையை வெள்ளம் புகுந்த ஊராகக் காட்டாமல், கடலும் மழையும் கலந்து ஊறும் கழிமுகமாகக் காட்டினார்கள். அதற்கு அவர்கள் பெரிதும் நம்பியது மேலிருந்து பார்க்கும் மேப்பைவிட, நிலத்தை நெடுக வெட்டிக் காட்டும் செக்‌ஷனை.

நமக்கு அது இன்னும் பொருந்தும். ஏரி என்பது வெறும் பள்ளம் அல்ல. மேட்டுப்பக்கம் வரத்துக் கால்வாய், தாழ்ந்த பக்கம் வளைந்த கரை, பாசனத்துக்கு மதகு, நிரம்பினால் வழிய கலங்கல், வழிந்தது போய்ச் சேர அடுத்த ஏரி. சங்கிலி. இதில் ஒரு கலங்கல் கால்வாயை வீட்டு மனையாக்கினால் கீழே உள்ள ஏரி காய்கிறது, மேலே உள்ள தெரு முழுகுகிறது. 2015 டிசம்பரில் ஊரே முழுகியதையும் 2019 கோடையில் குடத்தோடு லாரிக்கு நின்றதையும் ஒரே படத்தில் விளக்க முடியும் என்றால் அது இந்தச் சங்கிலிப் படம்தான். மூன்றாவது கேள்வியில் சொன்ன தி.நகர் ஏரியும் இப்படி ஒரு கண்ணியாக இருந்ததுதான். சங்கிலிகள் தெற்கே போய்ச் சேருகிற பெரிய தாழ்நிலம் பள்ளிக்கரணை. அதில் சுமார் 1,247 ஹெக்டேர் 2022இல் ராம்சார் தளமாக, அதாவது உலக அளவில் காக்க வேண்டிய ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. சதுப்பு முன்பு இதைவிடப் பல மடங்கு பெரியது.

நாங்கள் சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு தெருவில் செய்தது இது. வீடு வீடாகப் போய், 2015இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டோம். யாரும் மீட்டரில் சொல்லவில்லை. "சாமி படத்துக்குக் கீழ வரைக்கும்", "ஸ்விட்ச் போர்டு முழுகிடுச்சு", "மூணாவது படி". அந்தந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, தண்ணீர் டியூபால் மட்டம் பார்த்து, தெரு முழுவதற்கும் ஒரு செக்‌ஷன் வரைந்தோம். எல்லா வீட்டுக் கோடும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் சேர்ந்தன. பதினேழு வீடுகள், ஒரே நீலக்கோடு. புதிதாகக் கட்டிய வீடுகள் தரையை உயர்த்திக்கொண்டதால் கோட்டுக்கு மேலேயும், பழைய வீடுகள் கோட்டுக்குக் கீழேயும் நின்றன. சாலையை ஒவ்வொரு முறை போடும்போதும் உயர்த்தியதில் பழைய வீட்டு வாசல்கள் எவ்வளவு தாழ்ந்து போயின என்பது அந்தப் படத்தில்தான் அந்தத் தெருக்காரர்களுக்கே முதன்முதலாகத் தெரிந்தது.

10. "அழகான பில்டிங் எவ்வளவோ இருக்கே, செனட் ஹவுஸ், ஹைகோர்ட், ரிப்பன் மாளிகைன்னு. குப்பத்தை எல்லாம் ஏன் காட்டணும்?"

செனட் ஹவுஸையும் காட்டலாம், 1870களில் கட்டடக்கலைஞர் சிஷோம் வடிவமைத்தது, காட்ட வேண்டியதுதான். ஆனால் ஊரின் பெரும்பகுதி அதில் இல்லை. குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயோ அருகிலேயோ மாடி வீடுகள் எழுந்தன. கடற்கரையோரம் பட்டினப்பாக்கம் போன்ற இடங்களில் அவற்றைப் பார்க்கலாம். பின்னர் வழி மாறியது. 2000இலிருந்து கண்ணகி நகர், அதன்பின் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்குத் தெற்கே தொலைவில் கட்டினார்கள். கூவம் கரையிலிருந்தும் பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலிருந்தும் குடும்பங்களை அங்கே கொண்டுபோனார்கள். 1802இல் நாட்டை அளக்கக் கோடு போட்ட அதே பெரும்பாக்கம். அந்த இடமும் சதுப்பை ஒட்டிய தாழ்நிலம் என்பதை முந்தைய பதிலோடு சேர்த்துப் பாருங்கள்.

எப்படிக் காட்டுவது என்பதில் கவனம் வேண்டும். சோகமான முகங்களின் படம் வேண்டாம். ஒரு பெண் பழைய வீட்டிலிருந்து வேலைக்குப் போன பாதை, இப்போது போகும் பாதை, இரண்டையும் ஒரே அளவில் வரையுங்கள். ஒன்று பத்து நிமிட நடை, மற்றது இரண்டு பஸ். கிளம்பும் நேரம், திரும்பும் நேரம், டிக்கெட் செலவு எழுதுங்கள். அவரே சொல்லி, அவரே பார்த்துச் சரி என்ற பிறகு வையுங்கள். 2020இல் கண்ணகி நகர்க் குடியிருப்புச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வரையப்பட்டன, வெளியூரிலிருந்தும் பார்க்க வந்தார்கள். அங்கே வாழும் பிள்ளைகளுக்கு அது பெருமையாக இருக்கிறது, நானும் பார்த்து மகிழ்ந்தேன். ஆனால் அந்தச் சுவருக்குப் பின்னால் உள்ள வீட்டின் பிளான் எத்தனை சதுர அடி, அதில் எத்தனை பேர் தூங்குகிறார்கள் என்பதையும் யாராவது வரைய வேண்டும்.

11. "அப்போ மெட்ரோ வேண்டாம், ஃப்ளாட் வேண்டாம், எல்லாம் பழைய மாதிரியே இருக்கணும்ங்கிறீங்களா?"

இல்லை. 2015இல் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்கு முதல் மெட்ரோ ஓடிய நாளில் நானும் டிக்கெட் வாங்கிப் போனேன். ஃப்ளாட் இல்லையென்றால் இத்தனை பேர் எங்கே இருப்பார்கள்? அண்ணா சாலையின் எல்ஐசி கட்டடம் 1959இல் எழும்பியபோது அதுதான் புதுமை, ஊரே கழுத்தை நிமிர்த்திப் பார்த்தது. இன்று நமக்கு அது பழைய மெட்ராஸின் அடையாளம்.

புதியது வரும்போது அதன் விலையையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்பதுதான் என் நிலை. 1877-78 பஞ்சத்தில் கூலிக்கு வெட்டி அடையாற்றையும் கூவத்தையும் இணைத்த பக்கிங்காம் கால்வாய், பின்னாளில் பறக்கும் ரயிலின் தூண்களைத் தாங்கியது. 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ரயில் வந்தது நன்மை. கால்வாயின் அகலம் போனது இழப்பு. இரண்டையும் ஒரே செக்‌ஷனில் வரையலாம், யாரையும் திட்ட வேண்டியதில்லை.

12. "இவ்வளவு வரைஞ்சீங்களே, இதனால ஒரு கட்டடமாவது பிழைச்சுதா?"

எங்கள் கண்காட்சியால் ஒன்றும் பிழைக்கவில்லை. அளந்த வீடுகளில் பல இன்று இல்லை. கட்டடங்களைக் காப்பாற்றியது பெரும்பாலும் நீதிமன்றம்தான். அண்ணா சாலையில் 1897இல் கட்டிய பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கத் தொடங்கியபோது வழக்குப் போட்டார்கள், 2010இல் உயர் நீதிமன்றம் தடுத்தது. அதற்குப் பிறகும் அது பழுது பார்க்கப்படாமல் நின்றதை அந்த வழியாகப் போன எல்லோரும் பார்த்தார்கள்.

இன்னொரு வழி, வீட்டையே பெயர்த்துக் கொண்டுபோவது. முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தக்ஷிணசித்ராவில் செட்டிநாட்டு வீடு முதலான பழைய வீடுகளைப் பிரித்து எடுத்து வந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். தூணைத் தொட்டுப் பார்க்கலாம், திண்ணையில் உட்காரலாம். தெருவும் பக்கத்து வீடும் மட்டும் உடன் வர முடியாது. எங்களால் முடிந்தது படம். 2009இல் பழைய மத்திய சிறையை இடிக்கும் முன் சில நாள் பொதுமக்களை உள்ளே விட்டார்கள், வரிசை கட்டிப் போய்ப் பார்த்தார்கள். 1837இலிருந்து நின்ற மதிலுக்குள் எப்படி இருந்தது என்று பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. இடிப்பதற்கு முன் எல்லா வீட்டுக்கும் அப்படி ஒரு நாள் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

13. "ஹால் வாடகையே கட்டுப்படியாகலை. எங்க வைக்கிறது, எப்போ வைக்கிறது?"

கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதமி போன்ற கலைக்கூடங்கள் நல்ல இடம், ஆனால் அங்கே வருகிறவர்கள் ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர்கள். தெருக்காரர்கள் வரவேண்டும் என்றால் தெருவிலேயே வையுங்கள்: ஃப்ளாட்டின் கார் நிறுத்துமிடம், பள்ளி வராந்தா, முகூர்த்தம் இல்லாத நாளில் சின்னக் கல்யாண மண்டபம். சாலையோரம் என்றால் மாநகராட்சி மண்டல அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெளியில் வேண்டாம். ஆகஸ்ட் 22ஐ ஒட்டிய மெட்ராஸ் தின வாரம் நல்லது, 2004இலிருந்து ஊர் முழுக்க நடைகளும் பேச்சுகளும் நடக்கின்றன. எழுத்து தமிழில் முதலில், இரண்டு மீட்டர் தள்ளி நின்று படிக்கும் அளவில்.

14. "வர்றவங்க செல்ஃபி எடுத்துட்டுப் போயிடறாங்க. நின்னு பார்க்க வைக்க என்ன செய்யணும்?"

பெரிய தெரு வரைபடத்தைத் தரையில் விரியுங்கள், செருப்பைக் கழற்றிவிட்டு மேலே நடக்கலாம் என்று சொல்லுங்கள். எல்லோரும் முதலில் தேடுவது தங்கள் வீட்டை. கிடைத்ததும் பக்கத்து வீடு, அப்புறம் பள்ளிக்கூடம், அப்புறம் இல்லாமல் போன கடை. ஓரமாகப் பென்சில் வையுங்கள், தப்பு இருந்தால் படத்தின் மேலேயே திருத்தச் சொல்லுங்கள். பெரம்பூரில் மில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர், பின்னி மில் சங்கு எந்தெந்த நேரத்துக்கு ஊதும் என்று எங்கள் வரைபடத்தின் ஓரத்தில் எழுதி வைத்தார். 1996இல் மில் மூடியபின் அந்தத் தெருக்களில் நேரம் பார்க்க வேறு வழி தேடினார்களாம். ஒலியையும் வரைய வேண்டும் என்று எங்களுக்கு அதுவரை தோன்றவில்லை.

15. "கட்டுமானக் கம்பெனி ஸ்பான்சர் பண்றேங்குது. வாங்கலாமா?"

எந்தப் பலகையையும் மாற்றச் சொல்லக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு வாங்கலாம். ஒரு முறை அப்படி எழுதாமல் வாங்கினோம். திறப்புக்கு இரண்டு நாள் முன்னால், பத்தாவது கேள்வியில் சொன்ன பஸ் பாதைப் படத்தை ஓரத்துக்குத் தள்ளச் சொன்னார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஃப்ளெக்ஸுக்குப் பதில் பழுப்புக் காகிதத்தில் கையால் வரைந்து வைத்தோம். மூன்று பேர் இரண்டு இரவு தூங்கவில்லை.

16. "ரெண்டு பேர் ரெண்டு விதமா சொல்றாங்க. எதைப் போடறது?"

இரண்டையும். கோயில் குளத்துக்குத் தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று இருவர் வேறு வேறாகச் சொன்னால், பத்திரமும் சர்வே படமும் (ஏழாவது பதில்) எதைக் காட்டுகின்றன என்று பாருங்கள். ஆவணம் உறுதியாக இருந்தால் அழுத்தக் கோடு, ஒருவர் நினைவு மட்டும் என்றால் புள்ளிக்கோடு. இந்த வேறுபாட்டைப் படத்தின் மூலையிலேயே எழுதிவிடுங்கள். சில நேரம் இரண்டு பேர் சொன்னதும் சரியாக இருக்கும், ஒருவர் சொல்வது மழைக்காலம், மற்றவர் சொல்வது கோடை.

17. "வீட்டு பிளானைக் கண்காட்சியில வெச்சா பின்னாடி பிரச்சினை வருமா?"

வரலாம். அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரியாத வீடு என்றால் உங்கள் படம் ஒருநாள் வழக்கில் காகிதமாக வந்து நிற்கும். வாடகைக்கு இருப்பவர் சொன்னதை வீட்டுக்காரர் படித்தால் அவருக்குச் சிக்கல். அதனால் பத்திரங்களிலிருந்து எல்லை விவரத்தை மட்டும் எடுங்கள், பெயரும் சர்வே எண்ணும் கதவு எண்ணும் பலகையில் வேண்டாம். சம்மதத்தை எழுதி வாங்குங்கள், படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டுங்கள். வைத்த பிறகு ஒருவர் எடுக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் அன்றே எடுத்துவிடுங்கள். எங்களுக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது. இரண்டு முறையும் அந்த இடத்தைக் காலியாகவே விட்டோம்.

18. "எல்லாம் முடிஞ்சதும் அந்த மாடல், போர்டு எல்லாம் என்ன ஆகும்?"

தெரு மாதிரி அந்தப் பகுதிப் பள்ளிக்குப் போகும், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் கையில் அது அதிகம் போனால் இரண்டு ஆண்டு தாங்கும். வீட்டுப் படங்கள் வீட்டுக்காரர்களுக்கு. பென்சில் திருத்தம் போட்ட தரை வரைபடத்தை மட்டும் நாங்கள் சுருட்டி வைத்துக்கொள்கிறோம், ஸ்கேன் செய்து, தேதி போட்டு. ஐந்து ஆண்டு கழித்து அதே தெருவுக்கு அதை எடுத்துக்கொண்டு போவோம். மேற்கு மாம்பலத்துக்கு அடுத்த ஆகஸ்டில் போக வேண்டும். அளந்த இருபத்திரண்டு வீடுகளில் எத்தனை நிற்கின்றன என்று அங்கே போய்த்தான் எண்ண வேண்டும். டேப் பிடிக்க ஆள் குறைவாக இருக்கிறது, சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வரமுடிந்தவர்கள் வாருங்கள்.